காலையில் விழுங்கும் மாத்திரை

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராக வேலை பார்ப்பவரின் மேசைக்கு உளவியலின் பழைய வழக்கு ஒன்று தினமும் வரும். "மனசு வச்சா விட்டுடலாம் சார், இவருக்குத் திமிர்" என்பார் மனைவி. பக்கத்தில் இருப்பவர் குனிந்த தலை நிமிராமல், "என் கையில இல்ல சார், கால் தானா கடைக்குப் போகுது" என்பார். மனைவி பேசுவது சுயவிருப்பத்தை நம்பி. கணவர் பேசுவது நிர்ணயவாதம், அதாவது நாம் செய்வதையெல்லாம் முன்காரணங்களே தீர்மானிக்கின்றன என்ற கட்சி.

படிக்கிற காலத்தில் எனக்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பக்கம்தான் சாய்வு. மனிதனின் நடத்தையைச் சூழலும் விளைவுகளுமே உருவாக்குகின்றன என்று அவர் 1971இல் ஒரு புத்தகமே எழுதினார். 1983இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் சோதனை முடிவுகள் வந்தன. கையை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தெரிவதற்குச் சுமார் 350 மில்லிவிநாடி முன்பே மூளையில் அதற்கான மின் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது என்றன அவை. சுதந்திரம் பொய் என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டியவர்கள் நிறைய பேர். லிபெட் அப்படிச் சொல்லவில்லை. கடைசி நொடியில் 'வேண்டாம்' என்று தடுத்துக்கொள்ள முடியும் என்றே அவர் நம்பினார்.

சரி, ஆனால் குடிநோயாளியை அந்தக் கடைசி நொடியை நம்பி விட முடியாது. சம்பள நாள், சாயங்காலம், கூட்டாளிகள், கடை வாசல் எல்லாம் சேர்ந்த இடத்தில் மன உறுதியைத் தேடுவது அநியாயம். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் சுமார் 5 சதவீதம்தான். இடம் மாறியதும் பெரும்பாலோர் அதிலிருந்து விடுபட்டிருந்தார்கள். சூழலுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்றால், தன் சூழலை முன்கூட்டியே மாற்றிக்கொள்கிறவனுக்கும் அந்தப் பலத்தில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

குடியை விட நினைப்பவர்களுக்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். காலையில் தெளிவாக இருக்கும்போது அதை விழுங்குகிறவர், தள்ளாடக்கூடிய சாயங்காலத்துக்கும் சேர்த்து அப்போதே முடிவெடுத்துவிடுகிறார். உடம்பின் வேதியியல், தண்டனை பற்றிய பயம் என நிர்ணயவாதி சொல்லும் காரணங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைத் தனக்காக வேலை செய்ய வைப்பவர் அவரேதான்.

"சாப்பாட்டுல கலந்து குடுத்துடலாமா சார்?" என்று வீட்டார் கேட்காத மாதம் இல்லை. அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கூடவே கூடாது. தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், அவரிடம் மிச்சமிருக்கும் முடிவெடுக்கும் உரிமையையும் பறித்ததாகிவிடும். டாக்டர் விளக்க, அவர் சம்மதித்து, தன் கையால் போட வேண்டிய மாத்திரை அது.

மறுபடி குடித்துவிட்டு வருகிறவர்களிடம், ஏன் குடித்தீர்கள் என்று நான் ஆரம்பிப்பதில்லை. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அது குடித்ததற்குச் சில நாள் முன்னதாக இருக்கும், கடைப் பக்கமே போகாத ஒரு காலை நேரமாக. அந்தக் காலையில் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் அன்றைக்கு முழுக்கப் பேசுவோம்.