பக்கவாட்டில் வரும் பனி

துருவக் கடல்களில் சிக்கிய கப்பல்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஓடும் கப்பல் பனியில் மோதுவதைவிட, நின்றுவிட்ட கப்பலைப் பனி வந்து நெருக்குவதே கொடியது என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி ஒன்றின் இரு முனைகளையும் விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள், அசைந்து கொடுக்காது. அதையே சற்று வளைத்தால் உடனே ஒடியும். கடற்பனியும் அப்படித்தான். நெருக்குதலை நன்கு தாங்கும், வளைவைத் தாங்காது. பனியுடைப்புக் கப்பலின் அணியம், அதாவது முன்முனை, செங்குத்தாக நில்லாமல் சரிவாக அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். அணியம் தொட்டதும் பனித்தட்டின் விளிம்பு முதலில் நொறுங்குகிறது. பிறகு கப்பலின் எடை தட்டைக் கீழ்நோக்கி வளைக்க, சற்றுத் தள்ளி ஒரு விரிசல் வளைந்தோடி, பிறைவடிவத் துண்டொன்று பெயர்ந்து, புரண்டு, நீருக்குள் அமிழ்ந்து, கப்பலின் அடியை உரசியபடியே பின்னோக்கிச் செல்கிறது. உடைப்பதற்கு மட்டுமன்றி, மிதக்க விரும்பும் அந்தத் துண்டை அமிழ்த்தவும், உராய்வை வெல்லவும் எஞ்சின் உழைக்க வேண்டும். பனித்தட்டின் மேல் வெண்பனி படிந்திருந்தால் உராய்வு வெகுவாகக் கூடிவிடும். அதனால்தான் சில கப்பல்கள் நீர்மட்டத்துக்குக் கீழே காற்றுக்குமிழிகளைப் பீய்ச்சுகின்றன.

எல்லாப் பனியும் ஒன்றல்ல. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறையும் கடல்நீர், தன் உப்பை நுண்ணிய உவர்நீர்ப் பைகளாக உள்ளே சிறைப்பிடிக்கிறது. அந்தப் பைகளே முதலாண்டுப் பனியை வலுவிழக்கச் செய்கின்றன. கோடைகளைக் கடந்து உவர்நீர் வடிந்த பழைய பனி பெரிதும் கடினமானது.

இனி பக்கவாட்டுக்கு வருவோம். சரிவான அணியத்தைத் தாண்டினால், பெரும்பாலான சரக்குக் கப்பல்களின் நடுப்பகுதி செங்குத்துச் சுவராகவே இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் காற்று பனியை இழுத்துவந்து கரையை நோக்கித் தள்ளும்போது, கப்பல் வெட்டிய வழி அதன் பின்னாலேயே மூடிக்கொள்கிறது. பக்கச் சுவரில் வளைந்து ஒடிய வழியில்லாத பனி நொறுங்கித்தான் ஆக வேண்டும். அதுவரை முழு நெருக்கத்தையும் கப்பலின் விலாக்களே, அதாவது சுவருக்கு உட்புறச் சட்டங்களே, தாங்குகின்றன. அந்த விசை சுவர் முழுதும் பரவாமல் நீர்மட்டத்தையொட்டிய குறுகிய பட்டையில் குவிவதால், அங்கே தகடு தடிமனாகவும் விலாக்கள் நெருக்கமாகவும் அமைய வேண்டும்.

இதை நார்வேயின் துருவ ஆய்வுக் கப்பலான ஃப்ராமைக் கட்டிய காலின் ஆர்ச்சர் தெளிவாக உணர்ந்திருந்தார். சுமார் 39 மீட்டர் நீளமும் 11 மீட்டர் அகலமும் கொண்ட அதன் உருண்ட, வழுவழுப்பான உடலைப் பனியால் பற்ற முடியவில்லை. நெருக்கியபோதெல்லாம் கப்பல் மேலே எழும்பியது. 1893-இல் பனியில் உறைந்த ஃப்ராம், 1896-இல் முழுதாக வெளியே வந்தது. 1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் சிக்கிய, ஷாக்கில்டனின் பயணக் கப்பலான எண்டுரன்ஸின் உடலமைப்பு வேறு. பனி பக்கங்களை நெருக்கியதோடு பின்புறத்தையும் சிதைத்தது, நீர் புகுந்தது, அக்டோபர் 27-இல் கப்பலைக் கைவிட்டார்கள், நவம்பர் 21-இல் அது மூழ்கியது. 2022-இல் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டெடுத்தபோது, அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று துருவக் கப்பல்களுக்கு ஏழு வலிமைத் தரங்கள் உண்டு. துருவக் கடற்பயண விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனாலும் தரச்சான்று பெற்ற கப்பலின் தலைவரும் பனியின் தடிமனோடு காற்றின் திசையையும் கவனிக்கத்தான் வேண்டும். 2013 டிசம்பரில் அண்டார்க்டிகாவில் அகாடெமிக் ஷொகால்ஸ்கி என்ற ரஷ்யக் கப்பல் பனியில் சிக்கியது. பயணிகளை மீட்க ஹெலிகாப்டர் அனுப்பிய சீனப் பனியுடைப்புக் கப்பல் ஷுவே லுங்கும் பனியில் மாட்டிக்கொண்டது. 2014 ஜனவரி 7 அன்று காற்றின் திசை மாறியது; பனி விரிசல் விட்டது; இரண்டு கப்பல்களும் தம் எஞ்சின்களாலேயே வெளியேறின.