லண்டன் – பாரிஸ்: ஒன்றேகால் மணி நேரம் என்ற கணக்கு

லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். விமானப் பயண நேரம் 1 மணி 15 நிமிடம் என்றுதான் எனது பயணச்சீட்டில் இருந்தது. சென்ற வாரம் அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்ததால், அந்தக் கணக்கை நம்பிப் பதிவு செய்யவிருப்பவர்களுக்காகச் சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

மலிவு விமானம் லூட்டனிலிருந்து புறப்படுகிறது. லூட்டன், லண்டன் நகர மையத்துக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். பாரிஸோ தென்கிழக்கே இருக்கிறது. ரயிலைவிடக் கட்டணம் குறைவு என்று லூட்டன் போக நான் பிடித்த பேருந்து நேரம் கடந்து வந்தது. ஜன்னல் இடுக்கில் மழைநீர் ஒழுகியது. பக்கத்து இருக்கைக்காரர் தம் செய்தித்தாளை மடித்து அதில் செருக, அதுவும் சிறிது நேரத்தில் ஊறிக் கூழாயிற்று. நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி ஊர்ந்தபோதும் ஓட்டுநர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயணிகளை இப்படி நடத்துவது அநியாயம். விமான வாயிலில் என் பையை இரும்புச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். சக்கரம் இரண்டு விரற்கடை வெளியே நின்றதற்காக, பயணச்சீட்டின் விலைக்கு நிகரான தொகையைக் கறந்துவிட்டார்கள்.

ஆகாயத்தில் இருந்தது ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான். மீதி நேரம் இரண்டு விமான நிலையங்களின் ஓடுபாதைகளுக்குப் போவதிலும் வருவதிலும் கழிந்தது. பாரிஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி முன்னே இருப்பதால், கடிகாரமும் தன் பங்குக்கு ஒரு மணியை விழுங்கியது. பாரிஸின் சார்ல் டி கோல் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் ஒருவர் பின்னாலேயே வந்து, நகருக்குள் கொண்டுபோய்விட 120 யூரோ கேட்டார். அங்கிருந்து பாரிஸுக்குள் செல்லும் முறையான டாக்சிகளுக்கு அரசே கட்டணத்தை நிர்ணயித்திருக்கிறது. அது இதைவிட வெகுவாகக் குறைவு. வெளியே டாக்சி வரிசையில் நிற்பவற்றில் மட்டுமே ஏறுங்கள். நான் ஆர்.இ.ஆர். ‘பி’ என்ற புறநகர் ரயிலைப் பிடித்து, சுமார் அரை மணி நேரத்தில் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் லா ஷாப்பெல், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. அங்கே ஓர் உணவகத்தில், தட்டகப்பைகள் தாளம் போடக் கொத்திய ஆட்டிறைச்சிக் கொத்து ரொட்டி கிடைத்தது. ஓரங்களில் முறுகி, நடுவில் குழம்பு ஊறி, கறிவேப்பிலை மணத்தோடு இருந்த அதற்காகவே இன்னொரு முறை பாரிஸ் போகலாம். விலையும் நகரின் மற்ற இடங்களைப் போல மிரட்டவில்லை.

திரும்பும்போது, கடலடிச் சுரங்கம் வழியே லண்டன் செல்லும் யூரோஸ்டார் அதிவேக ரயில். பிரித்தானியக் குடிவரவுச் சோதனையையும் பாரிஸிலேயே முடித்துவிடுகிறார்கள். (இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு பிரான்சுக்கான ஷெங்கன் விசா, பிரித்தானிய விசா என இரண்டும் வேண்டும்.) 1994இல் திறக்கப்பட்ட 50 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தை வண்டி இருபது நிமிடங்களில் கடக்கிறது. பெட்டிகளை யாரும் எடை போடவில்லை. கடைசி நேரத்தில் வாங்கினால் கட்டணம் கையைச் சுட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்து, விமானத்தின் பேருந்துச் செலவையும் பைக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால் ரயிலே மலிவாக அமையக்கூடும். பயணம் சுமார் 2 மணி 20 நிமிடம். பாரிஸில் பத்தரைக்குப் புறப்படும் வண்டி, லண்டன் நேரம் பன்னிரண்டு ஆவதற்குள் செயின்ட் பான்கிராஸில் இறக்கிவிடுகிறது. பாதாள ரயிலின் ஆறு தடங்கள் அங்கேயே கிடைக்கின்றன.