பேச்சாளைத் தலையிலும் குடலிலும் எண்ணெய்: கத்தி முதல் கேன் வரை

டின்னில் அடைக்க 100 கிலோ பேச்சாளை (மத்தி) வெட்டினால் தலை, குடல், வால், செதில் என்று 35 முதல் 40 கிலோ ஒதுங்கும். சூரை என்றால் பாதிக்கு மேல் ஒதுங்கிவிடும். மண்டபம், பாம்பன் கரையில் குழி தோண்டிப் புதைத்தால் மணல் பூமி, பக்கத்து ஊற்றுத் தண்ணீர் நாறிவிடும். கடலில் கொட்டலாம் என்றால் அது மன்னார் வளைகுடா, 21 தீவுகளும் பவளப்பாறைகளும் இருக்கிற கடல். கழிவை எண்ணெயாக்கும் வேலையை ஒரு பருவம் முழுக்கச் செய்து பார்த்ததில் தெரிந்தவை இங்கே. இதே வேலையில் இறங்குகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெயின் தரம் அடுப்பில் முடிவாவதில்லை, வெட்டு மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. குடலிலும் ஈரலிலும் கொழுப்பை உடைக்கும் நொதிகள் உண்டு. மீன் செத்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. நம் ஊர் வெயிலில் ஐஸ் இல்லாமல் மதியம் வரை கிடந்த குடலில் எண்ணெய் வரத்தான் செய்யும், ஆனால் காறல் எடுத்திருக்கும். ஆலைக்காரர்கள் எஃப்.எஃப்.ஏ. என்று சொல்லும் புளிப்பும், அதாவது கொழுப்பு உடைந்து பிரிந்த அமிலமும், ஏறியிருக்கும். அதனால் கழிவுத் தொட்டியிலும் மீனுக்குப் போடுகிற அளவே ஐஸ், ஒன்றுக்கு ஒன்று. வெட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் வேகவைக்க வேண்டும். செவுளைத் தனியே எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் இரத்தத்திலுள்ள இரும்பு எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். மீதியைக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும்.

வேகவைக்க 200 லிட்டர் இரட்டைச் சுவர் பாத்திரம் வைத்தோம், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு, செம்பு, பித்தளை எதுவும் எண்ணெயில் படக்கூடாது. ஒரு பித்தளை வால்வு இருந்தாலும் கழற்றி எறியுங்கள். நீராவிக்குச் சீமைக்கருவேல விறகில் ஓடும் சின்ன பாய்லர். நேரடியாக அடுப்பில் ஏற்றினால் அடிபிடித்து எண்ணெய் கறுத்துவிடும்.

ஒரு ஈடுக்கு 100 கிலோ கழிவு, 25 லிட்டர் தண்ணீர். தலைகளை விரல் பருமனுக்கு நறுக்கிப் போட வேண்டும், கூழாக அரைக்கக் கூடாது. குடலை மட்டும் தனியாக வேகவைக்கவும் கூடாது. எலும்பு இருந்தால்தான் பிரஸ்ஸில் நீர் வழிய இடம் இருக்கும், இல்லாவிட்டால் துணியை அடைத்துக்கொள்ளும். சூட்டை மெதுவாக ஏற்றி 90 முதல் 95 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைக்கிறோம். தடித்த கையுறை போட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பதுதான் சோதனை. தெளிந்த நீர் வழிந்து அதன் மேல் மஞ்சள் பொட்டுகள் மிதந்தால் பதம். பால் மாதிரி வந்தால் இன்னும் வேக வேண்டும். சேறாக விரலிடுக்கில் பிதுங்கினால் குழைந்துவிட்டது, அந்த ஈட்டில் எண்ணெய் பிரிவது கஷ்டம்.

நைலான் பையில் கட்டி ஜாக்கி பிரஸ்ஸில் பிழியும்போது முதல் ஐந்து நிமிடம் லேசான அழுத்தம்தான். எடுத்தவுடனே இறுக்கினால் பை கிழியும், சக்கை எண்ணெயோடு வரும். பிழிந்த நீரைச் சல்லடையில் வடித்து, திரும்ப 90 டிகிரிக்குச் சூடாக்கி, கூம்படித் தொட்டியில் ஒரு மணி நேரம் ஆடாமல் விட வேண்டும். அடியில் வண்டல், அதன் மேல் சாற்று நீர், நடுவில் மோர் போல ஒரு படலம், மேலே எண்ணெய். அந்த மோர்ப் படலத்தில்தான் நஷ்டம் ஒளிந்திருக்கிறது. வேகமாகச் சுழலும் பம்பில் ஏற்றினால் எண்ணெய்த் துளி பொடிந்து படலம் கெட்டியாகும். தொட்டியை உயரம் குறைத்து வைத்து, சாறு தானாக வழிந்து வரும்படி மாற்றிய பிறகுதான் எங்களுக்கு அது கட்டுப்பட்டது. மிஞ்சும் படலத்தில் ஒரு சதவீதம் உப்புப் போட்டுச் சூடாக்கினால் பெரும்பகுதி உடையும். முட்டை விட்டு மெலிந்த மீனில் 100 கிலோ கழிவுக்கு 2, 3 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். கொழுத்த பருவத்தில் 8 கிலோவைத் தாண்டும். சாளை வகைச் சிறுமீனான சூடையில் எப்போதும் குறைவு. டின்னை ஆவியில் வேகவைத்துக் கவிழ்க்கும்போது வடியும் நீரிலும் எண்ணெய் உண்டு, அதையும் தொட்டியில் சேருங்கள்.

எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு வெந்நீர் விட்டு மெல்லக் கிளறி, தெளியவிட்டுப் பிரிக்கிறோம். பிறகு புளிப்பை அளக்க வேண்டும். 5 கிராம் எண்ணெயை நடுநிலையாக்கிய வெதுவெதுப்பான ஆல்கஹாலில் கலந்து, நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் (லிட்டருக்கு 4 கிராம்) காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இளஞ்சிவப்பு வந்து நிற்கும். செலவான மில்லியை 0.1 ஆலும் 28.2 ஆலும் பெருக்கி 5 ஆல் வகுத்தால் எஃப்.எஃப்.ஏ. சதவீதம். 4 மில்லி செலவானால் 2.26. அப்படிப்பட்ட எண்ணெய் 20 கிலோ இருந்தால் புளிப்பை முறிக்கக் காஸ்டிக் 64 கிராம், கூடுதலாக 20 கிராம், ஆக 84 கிராம். பத்து சதவீதக் கரைசலாக 840 மில்லி. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பக்கத்தில் போக வேண்டாம். 40 டிகிரியில் கலந்து, 65 டிகிரிக்கு ஏற்றினால் சோப்பு திரிந்து அடியில் இறங்கும். எண்ணெயைப் பிரித்து இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசி, ஈரம் போகும் வரை சூடாக்க வேண்டும். ஈரம் தங்கினால் புளிப்பு மறுபடி ஏறும்.

நிறம் நீக்கும் களிமண் வேலையை வெற்றிடப் பாத்திரம் இல்லாமல் செய்யாதீர்கள், காற்றுப் பட்டால் எண்ணெய் கெடும். எண்ணெய் குடித்த களிமண்ணும், துடைத்த துணியும் குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள்.

கேனைக் கழுத்துவரை நிரப்பி, இருட்டில் வைக்க வேண்டும். அரைக் கேன் எண்ணெய் ஒரு மாதத்தில் காறிவிடும். வாங்குகிறவர்கள் தீவன ஆலைகள், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்கூடங்கள், மாவுப்பூச்சிக்கான மீன் எண்ணெய் சோப்பு செய்பவர்கள், மரப் படகுக்குப் பூசுகிறவர்கள். மாத்திரைக்கு விற்கலாம் என்ற ஆசை சிறு கூடத்துக்கு வேண்டாம். 2017இல் வந்த கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி, காறல் தொடங்கியதைக் காட்டும் பெராக்சைடு எண் 5க்குள், மொத்தக் காறலைக் காட்டும் டோட்டாக்ஸ் எண் 26க்குள் இருக்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பலும் வாசம் நீக்கும் கருவியும் இல்லாமல் அது எட்டாது.

பிழிந்த சக்கையைப் பத்து சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைத்தால் கோழித் தீவனம். கெட்ட மீனின் சக்கையை அதிக சூட்டில் காயவைத்தால் கோழியின் இரைப்பை புண்ணாகும். செவுளுக்கும் வண்டலுக்கும் எடையில் 3 சதவீதம் ஃபார்மிக் அமிலம் சேர்த்துக் கிளறிவைத்தால், பி.எச். 4க்குக் கீழே நின்று, சில நாளில் கரைந்து தீவனக் கூழாகும்.

சாற்று நீர்தான் தலைவலி. எண்ணெய் எடுத்தோம் என்று இதைச் சாக்கடையில் விட்டால் கழிவு குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அன்றைய அடுத்த ஈட்டுக்கு 25 லிட்டர் தண்ணீருக்குப் பதில் இதையே ஊற்றுகிறோம். மூன்று ஈட்டுக்கு மேல் போனால் கெட்டியாகி எண்ணெய் பிரியாது. கடைசியில் மிஞ்சுவதைத் தென்னை நார்க்கழிவுக் குவியலில் ஊற்றுகிறோம். நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீர் குடிக்கும், அது மட்கத் தேவையான தழைச்சத்து இந்த நீரில் இருக்கிறது. மீன் ஊறவைத்த உப்புத் தண்ணீரையும், உப்புப் போட்டு உடைத்த படலத்தின் நீரையும் மட்டும் அந்தக் குவியலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அவற்றுக்குத் தனித் தொட்டி வேண்டும்.