அம்மாவைப் பாடுவில் பதிந்த கதை

2024 மார்ச் கடைசி வாரம். பினாங்கில் யாரைப் பார்த்தாலும் "பாடுல பதிஞ்சாச்சா?" என்றுதான் கேட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நான் படுற பாட்ட கவர்மெண்டு வேற எழுதி வச்சுக்கணுமாக்கும்?" என்றார்.

பாடு என்பது 'பாங்கலான் டாத்தா உத்தாமா' என்ற மலாய்ப் பெயரின் சுருக்கம், அதாவது மலேசிய அரசின் முதன்மைத் தரவுத்தளம். ஜனவரி 2ஆம் தேதி தொடங்கினார்கள். மார்ச் 31 வரை அவகாசம். எல்லாருக்கும் பொதுவாகப் போகிற மானியத்தைத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் திருப்பிவிடுவது நோக்கம். மொத்த வருமானத்தை வைத்து பி40 (கீழ் 40 சதவீதம்), எம்40 (நடு 40), டி20 (மேல் 20) என்று பிரிப்பது போதாது, செலவு போகக் கையில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அப்போதைய பொருளாதார அமைச்சர் ரஃபிசி ரம்லி சொல்லிவந்தார். குடும்ப வருமானக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

முதலில் முக அடையாளம். மைகார்டை (ஐசி என்கிற அடையாள அட்டை) படம் எடுத்து, பிறகு முகத்தைக் காட்ட வேண்டும். மூன்று தடவை தோல்வி. பிழை என்னுடையதுதான்: டியூப்லைட் வெளிச்சம் கார்டில் பட்டுக் கண்ணைப் பறித்தது. மறுநாள் காலை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்தேன், ஏற்றுக்கொண்டது.

அடுத்து, என்ன தொழில்? ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே அம்மா காலையில் இடியாப்பம் விற்கிறார். 'சொந்தத் தொழில்' என்று போட்டேன். "தொழிலா? சும்மா இடியாப்பம்டா" என்றார்.

மாத வருமானம்? "மழ பேஞ்சா வியாபாரம் இல்ல. பள்ளிக்கூட லீவுல இல்ல. சீனப் பெருநாளுக்குப் பாதி பிளாட் காலி." மைலோ டின்னில் இருந்த சில்லறையைக் கொட்டி, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். மாவு, தேங்காய், சீனி, 14 கிலோ கேஸ் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. (அந்த விலையே மானிய விலை!) விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பிழிகிறாரே, அதை எழுத எங்கும் இடமில்லை. கணக்கெடுப்புக்குப் போன காலத்தில், "தோராயமா சொல்லுங்கம்மா" என்று கேட்டு முழு எண்ணாக எழுதிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டியவன் நான். என் அம்மாவுக்கு அப்படி எழுத வரவில்லை. 100 வெள்ளி கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்றே கை தயங்கியது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய சண்டை அண்ணனால் வந்தது. அவர் ஜொகூர் பாருவில் வேலை செய்கிறார். ஐசியில் மட்டும் இன்னும் எங்கள் வீட்டு முகவரி. மாதம் 300 வெள்ளி அனுப்புவார், சில மாதம் அதுவும் வராது. அவரைக் குடும்பத்தில் சேர்த்தால் அவர் சம்பளமும் சேரும். 2022 கணக்கெடுப்பின்படி பி40 என்றால் குடும்பத்தின் மாத வருமானம் 5,250 வெள்ளிக்குக் கீழே இருக்க வேண்டும், நாங்கள் தாண்டிவிடுவோம். ஒரே வீட்டில் தங்கி, சாப்பாடு செலவைப் பொதுவில் வைத்துக்கொள்பவர்களைத்தான் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்போம். அப்படிப் பார்த்தால் அண்ணன் வெளியாள். விளக்கிச் சொன்னேன்.

"அப்ப அவன் எம் புள்ள இல்லன்னு எழுதப் போறியா?"

அண்ணனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "என்னைய எடுத்துடுடா, அதான் சரி" என்றார் அவர். அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. 31ஆம் தேதி இரவு, அண்ணன் பெயர் இல்லாமல் அனுப்பினேன்.

அந்த ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் எல்லாருக்குமான டீசல் மானியம் நின்று, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. பெட்ரோலுக்கு என்ன செய்வார்களோ என்று காத்திருந்தோம். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது: மலேசியராக இருந்து லைசென்ஸ் வைத்திருந்தால் போதும், லிட்டர் 1 வெள்ளி 99 காசு, அப்போது மாதம் 300 லிட்டர் வரை. பங்களாக்காரனுக்கும் இதே விலையா என்று எனக்குள் இருந்த ஆய்வுக்காரன் முனகினான். ஆனால் யார் யாருக்குப் பிள்ளை என்று பம்பில் யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு அதுவே நிம்மதி.

தீபாவளிக்கு வந்த அண்ணன் எண்ணெய் நிலையத்தில் மைகார்டைச் செருகிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கா என்னைய வீட்ட விட்டுத் தூக்குன?"

பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "ஐசியில இன்னும் நம்ம வீட்டு அட்ரஸ்தானே?"

"ஆமாம்மா."

"மாத்தாத."