களரிக்குப் பின்புறம் இல்லை

மட்டக்களப்பில் கூத்து ஆடப்படும் வட்டக்களரிக்கு முன்புறம், பின்புறம் என்ற பாகுபாடு கிடையாது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்துடன் களரியின் நடுவே நிற்பார். பிற்பாட்டுக்காரரும் சல்லாரி என்னும் கைத்தாளம் போடுபவரும் அவருக்குப் பக்கத்தில் நிற்பர். கூத்தர்கள் அவர்களைச் சுற்றி ஆடுவர். சனம் நாற்புறமும் பாய் விரித்து அமர்ந்திருக்கும். ஆகவே ஓர் அரசன் தன் வரவை, அதாவது களரிக்குள் நுழையும் ஆட்டத்தை, ஆடி முடிப்பதற்குள் அவனுடைய முதுகையும் விலாவையும் பிடரியையும் எல்லோரும் மாறிமாறிப் பார்த்துவிடுவர். கூத்துக்கும் பாடசாலை நாடகங்களுக்கும் உடுப்புச் செய்வதைத் தொழிலாகக் கொண்டுள்ள எனக்கு, வேலையின் அளவுகோல் இதுதான்: எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் உடுப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

கல்லடியில் சாதாரணத் தையல்காரியாகத்தான் இருந்தேன். பாடசாலைச் சீருடையும் கலியாண வீட்டுச் சட்டைகளுமே அன்றாட வேலை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் ஓர் ஊரிலிருந்து கூத்துப் பழகிக்கொண்டிருந்த சிலர், யுத்த காலம் முழுவதும் பெட்டியில் கிடந்த பழைய உடுப்புகளைப் புதுப்பித்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தபோதுதான் இந்த வழிக்குத் திரும்பினேன். இரவு முழுவதும் வெளியில் கூடியிருக்க முடியாத அந்த வருடங்களில் பல ஊர்களில் விடிய விடிய ஆடும் கூத்து நின்றுபோயிருந்தது, துணியைக் கறையான் அரித்திருந்தது, சரிகை கறுத்திருந்தது. ஆனால் உள்ளே இருந்த சட்டகம் உறுதியாக இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்துத்தான் கரப்புடுப்பு என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொண்டேன்.

வளைத்த பிரம்பு வளையங்களை மேலிருந்து கீழாக, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நிலைக்குத்தான நாடாக்களால் பிணைத்து, அதன்மேல் துணியைப் போர்த்தி, சரிகையும் கண்ணாடித் துண்டுகளும் பதித்து முடிப்பதே அந்த வேலை. இடுப்பில் இருந்து விரிந்து நிற்கும் அந்த உடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்காது, ஏனெனில் அங்கிருந்து கீழே தெரிய வேண்டியவை சதங்கை கட்டிய கால்கள். நான் பிரித்த உடுப்பில், பின்பக்கத்துக் கண்ணாடிகள் முன்பக்கத்தைவிட ஒன்றுகூடக் குறையவில்லை. அதைச் செய்தவர் யாரென்று அந்த ஊரில் எவருக்கும் நினைவில்லை. என் தொழிலில் நான் ஆசானாகக் கருதுவது அந்தப் பெயர் தெரியாத மனிதரைத்தான்.

உடுப்பின் பாரம் ஆட்டத்தோடு சேர்ந்தது என்பதை மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டேன். எமது கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு பாணிகள் உண்டு. வடமோடிக் கூத்துகள் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளைச் சொல்பவை. போரும் வீரமும் மிகுந்தவை. அவற்றின் அரசர்களுக்குக் கரப்புடுப்பும் பாரமான முடியும் மார்புப் பதக்கமும் புயங்களில் எழுந்து நிற்கும் புயகீர்த்தியும் உரியவை. தென்மோடியில் ஆட்டம் நுணுக்கமானது. அதற்கேற்ப உடுப்பும் முடியும் பாரமற்றவை. வடமோடி அரசன் வீசாணம் என்ற அடியைப் போட்டுச் சுழலும்போது கரப்பு அவனைவிட ஒரு கணம் பிந்திச் சுழன்று, அவன் நின்ற பின்னும் சற்று அசைந்து அடங்குகிறது. மெல்லிய துணியை மட்டும் உடுத்து அதே அடியை ஆடினால் அந்தக் கம்பீரம் கிடைக்காது. மாறாக, தென்மோடிக் கூத்தனுக்குக் கரப்பைக் கட்டிவிட்டால் அவனுடைய நுணுக்கமான கால்வேலை அந்த அசைவுக்குள் அமுங்கிப்போகும். ஆகையால் ஆட்டத்தைப் பார்க்காமல் உடுப்புக்கு அளவெடுக்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆடுபவருக்கு அவருடைய பாத்திரத்தின் பாட்டுகளைக் கையளிக்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கி, சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகச் சென்று அரங்கேற்றத்தை அடைவது எமது மரபு. பெரும்பாலானோர் அரங்கேற்றத்துக்குச் சில நாட்கள் முன்னர்தான் உடுப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். சதங்கை அணியும் கட்டத்திலேயே வெறும் பிரம்புச் சட்டகத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் நிபந்தனை. துணி போர்த்தாத அந்தச் சட்டகத்தைக் கட்டிக்கொண்டு பல இரவுகள் ஆடினால்தான், எங்கே இடிக்கிறது, எங்கே வழுக்குகிறது, வாள் வீசும் கை எந்த வளையத்தில் படுகிறது என்பதெல்லாம் தெரியவரும். அப்படியொரு பழக்கத்தின்போது முதிய அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தை நிறுத்திவிட்டு, “மகள், கீழ் வளையத்த ரெண்டு விரல் ஏத்துங்க, பொடியன்ட கால் எனக்குத் தெரியல்ல” என்றார். அவர் உடுப்பின் அழகைப் பார்க்கவில்லை. ஆடுபவனின் காலைப் பார்த்துத்தான் அவர் தாளத்தை நடத்துகிறார்; அந்தப் பார்வையை என் வளையம் மறைத்தது. அன்றிலிருந்து, களரியின் நடுவில் நிற்பவருடைய கண்ணும் நான் கணக்கில் எடுக்கும் ஒரு பக்கமாயிற்று.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். விடியும்வரை ஆடப்பட்டதை நகரத்துச் சபையினர் ஓரிரு மணித்தியாலங்களில் பார்க்கக் கூடியதாக ஆக்கிய அந்த முயற்சி இல்லாதிருந்தால், படித்த தமிழர் பலர் கூத்தை ஒரு கலையாக ஏற்றிருக்கவே மாட்டார்கள். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆயினும் மேடைக்கு ஒரே ஒரு முன்புறம்தான் உண்டு என்பதால், காலப்போக்கில் உடுப்பும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே செய்யப்படத் தொடங்கியது. இன்று தமிழ்த் தினப் போட்டிகளுக்கு நாட்டுக்கூத்து பழக்கும் பாடசாலைகளிலிருந்து வரும் கோரிக்கைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. முன்னால் வெல்வெட்டும் சரிகையும், பின்னால் ஊசி குத்திய வெள்ளைத் துணியும் நாடாவும் போதும் என்கிறார்கள். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய உடுப்பை அணிந்த பிள்ளை, சுழல வேண்டிய இடத்தில் பாதியிலே நின்று மீண்டும் சபையைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறது. பழக்கிய ஆசிரியர் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் முதுகில் காட்டக்கூடாத ஒன்று இருக்கிறது என்பது பிள்ளைக்கே தெரிகிறது. கூத்தின் அடி இப்படித்தான் சிதைகிறது. இதை நான் ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்லும்போது பெரும்பாலானோர் விளங்கிக்கொள்கின்றனர். சிலர் நடுவர்கள் பின்னால் இருப்பதில்லை என்று சொல்லிவிடுகின்றனர். அப்போது சரிகையைக் குறைத்து, அந்தப் பணத்தில் பின்புறத்துக்குத் துணி வாங்குமாறு கேட்கிறேன். பெரும்பாலும் இணங்குகிறார்கள்.

வெளிச்சமும் மாறிவிட்டது. முன்பு களரியில் எரிந்த பந்தத்தின் சுவாலை நிலையாக நிற்காது. அந்த அசையும் ஒளிக்காகவே கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டன. ஆடுபவர் திரும்பத் திரும்ப வெவ்வேறு கண்ணாடிகள் மின்னி மறையும். பெற்றோல்மாக்ஸ் விளக்கு வந்தபோதும் அதன் மஞ்சள் கலந்த வெளிச்சம் சரிகைக்குப் பொருந்தியது. இப்போதைய எல்.ஈ.டி. விளக்குகளின் வெண்மையான, அசைவற்ற ஒளியிலோ அதே கண்ணாடிகள் கண்ணைக் கூசச் செய்கின்றன; மலிவான பொன்னிறத் தாள் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது. ஆகவே மின்விளக்கில் ஆடப்போகும் உடுப்புக்குக் கண்ணாடிகளைச் சிறிதாக வெட்டி, ஒரே திசையைப் பார்க்காதபடி சற்றுச் சரித்துப் பதிக்கிறேன். பொன்னிறத்துக்குப் பதிலாக மங்கிய செம்பு நிறத்தைத் தெரிவுசெய்கிறேன். துணியை வாங்க காத்தான்குடிக் கடைகளுக்குப் போகும்போது, அதைக் கடையின் வாசல் வெயிலில் பார்த்துவிட்டு, பின்பு உள்ளே விளக்கின் கீழும் பிடித்துப் பார்ப்பேன்.

முடியைச் செய்வதுதான் மிகவும் கடினமான பகுதி. மரத்தாலான பழைய முடிகள் அழகானவை, ஆனால் பாரமானவை. ரெஜிபோம் என்னும் வெண்ணுரைப் பலகை கிடைக்கத் தொடங்கியபின் பலர் அதற்கு மாறினர். பாரமே இல்லை, வெட்டவும் இலகு. ஆனால் தின்னர் கலந்த வர்ணம் பட்டால் அது கரைந்து குழிவிழும், ஓர் இரவு ஆட்டத்துக்கே விளிம்புகள் உதிரும். இதற்கு ஒரு வழியை நான் எதிர்பாராத இடத்திலிருந்து கற்றேன். கொழும்பில் நடக்கும் கொமிக் கொன் என்னும் சித்திரக்கதை ரசிகர் விழா ஒன்றுக்குப் போவதற்காக, ஜப்பானிய அனிமே கதை ஒன்றின் போர்வீரனைப் போலக் கவசம் செய்ய வேண்டும் என்று ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். துணிப்பகுதியை மட்டுமே நான் தைத்தேன்; கவசத்தை அவரே ஈ.வி.ஏ. நுரைத்தாளில் செய்து காட்டினார். சூடான காற்றைப் பிடித்தால் அந்தத் தாள் இளகி வளைகிறது, ஆறியபின் வளைத்த வடிவத்திலேயே நிற்கிறது. மேலே மரப்பசையைப் பல தடவை பூசி உலர்த்திவிட்டால் வர்ணம் உள்ளே ஊறுவதில்லை. இப்போது என் புயகீர்த்திகளும் முடியின் பக்கத் தகடுகளும் அந்த முறையிலேதான் உருவாகின்றன. இப்படிக் கதைப் பாத்திரங்களைப் போல உடுத்து, கொஸ்பிளே செய்யும் இளைஞர்களை வேடிக்கை மனிதர்களாகப் பார்க்கும் பெரியவர்களிடம் இதை விரும்பிச் சொல்வதுண்டு. தன் உடுப்பைத் தன் கையால் செய்து, அதன் ஒவ்வொரு மூட்டையும் அறிந்து அணியும் அந்தத் தம்பிக்கும், தன் முடியைத் தானே செதுக்கிய பழைய கூத்தனுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை.

அம்பாறை மாவட்டத்தில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாரதப் போர் நடந்த நாட்களுக்கு ஒப்பாகப் பதினெட்டு நாட்கள் நடக்கும் அச்சடங்கில், பாண்டவரின் வனவாசமும் அருச்சுனனின் தவநிலையும் ஊர் முழுவதும் கூடி நிற்க நிகழ்த்தப்பட்டு, தீமிதிப்போடு நிறைவுறுகின்றன. அங்கே பாண்டவராக வருபவர்கள் விரதமிருந்து வருகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சனம் கைகூப்புகிறது. அந்த உடுப்பைக் களரி உடுப்பின் கண்ணால் பார்த்து, நிறத்தைக் கூட்டலாம், வடிவத்தைத் திருத்தலாம் என்று யோசனை சொல்வது பொருத்தமல்ல என்றே கருதுகிறேன். வரலாற்றையும் இதிகாசத்தையும் மீள நிகழ்த்தும்போது உடுப்பு எவ்வளவு துல்லியமானது என்று கேட்பவர்கள் உண்டு. பாரத காலத்து உடுப்பைக் கண்டவர் எவருமில்லை. ஆனால் இவ்வூரில் பாண்டவர் எப்படி வருவர் என்பதை ஒவ்வொரு வீட்டுப் பாட்டியும் அறிவார். அந்த நினைவோடு ஒத்துப்போவதே இங்கு துல்லியம்.

தற்போது என் நேரத்தை அதிகம் எடுப்பது பெண்களுக்கான கரப்புடுப்பு. முன்பு பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். இன்று பல்கலைக்கழகத்திலும் சில ஊர்களிலும் பெண்கள் அரச வேடம் கட்டி வடமோடி ஆடுகிறார்கள். பழைய சட்டகத்தைச் சிறிதாக்கிக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். பாரத்தின் பெரும்பகுதியை ஆண்களின் அகன்ற தோளில் தொங்கவிடும்படி அது கட்டப்பட்டிருப்பதால், சிறிதாக்கினாலும் பெண்களின் தோளை அறுக்கிறது. விடியற்காலைக்குள் கழுத்து விறைத்துப்போகிறது. ஆகவே அகலமான பருத்திப் பட்டி ஒன்றை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, வளையங்களின் பாரத்தை அதன்மீது இறக்கி, தோள்நாடாக்களைச் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும் விட்டிருக்கிறேன். ஆடிப் பார்த்த தங்கச்சி ஒருவர், எட்டு, நாலடி ஆகிய ஆட்ட அடிகள் தடையில்லாமல் வருகின்றன என்றும், குத்துமிதி என்ற அடியில்தான் பட்டி சற்று மேலே ஏறுகிறது என்றும் சொன்னார். பட்டியின் கீழ்விளிம்பில் இரு சிறு மடிப்புகள் வைத்ததும் அதுவும் சரியாயிற்று. அந்தச் சட்டகத்தின் அளவுகளைப் பழுப்புத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். கேட்டு வரும் ஊர்க் குழுக்களுக்கு அதன் பிரதியைக் கொடுக்கிறேன். பிரம்பு கிடைத்தால் எந்தத் தையல்காரரும் அதைப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம்.