பிறக்காத டிஸ்க்குக்கு ஜாதகம்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாலில் அம்மா, மாமா பெண்ணுக்கு வந்த ஜாதகங்களைப் பரப்பிக்கொண்டு. உள் ரூமில் நான், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய சர்வரைக் கட்டிக்கொண்டு.

சர்வரில் ரேம் தாராளம். டிஸ்க் மட்டும் ஒன்றே ஒன்று, லேப்டாப்புக்கெல்லாம் போடுவோமே அந்த ரக என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தகடு இல்லாத டிஸ்க்). ஆபீஸில் விசிஎஃப் (பல சர்வர்களை ஒன்றாக்கி ஓட்டும் விஎம்வேர் மென்பொருள் தொகுப்பு) வரப்போகிறது, அதற்குள் வீட்டிலேயே ஒருதரம் நிறுவிப் பார்த்துவிடலாம் என்று ஆசை. அதற்கு நாலு ஹோஸ்ட், அதாவது நாலு சர்வர், வைத்துக் கட்டுவதாக எண்ணம். நாலு சர்வருக்கு எங்கே போவது? ஒரே பெட்டிக்குள் இஎஸ்எக்ஸ்ஐ என்ற சர்வர் மென்பொருளை நாலு விர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் போலி கம்ப்யூட்டர்) ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் கற்பனையாக இரண்டு டிஸ்க் கொடுத்து, அவற்றைக் கோத்து விசான் என்ற பொதுச் சேமிப்பிடம் கட்டுவதாகத் திட்டம். லேப் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற வேலைதான்.

இதில் எனக்குப் பழைய அனுபவமும் உண்டு. சில வருஷம் முன்னால் தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க் ஒன்றின் மேல் இதே மாதிரி கட்டினேன். கான்ஃபிக் ஃபைலில் ‘விர்ச்சுவல் எஸ்எஸ்டி’ என்ற வரிக்கு எதிரே 1 என்று போட்டதும், உள்ளே கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்த தகடு ‘நான் எஸ்எஸ்டி’ என்றது. விசானும் நம்பிவிட்டது. ஓரத்தில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

2022-ல் வந்த, இஎஸ்ஏ என்ற விசானின் புது அமைப்பு அவ்வளவு வெகுளி இல்லை. என்விஎம்இ மட்டும்தான் வேண்டும் என்கிறது. அதிலும் சான்று பெற்றது வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நாலு எண்கள் உண்டு: தயாரித்தவர் எண், சாதன எண், இரண்டுக்கும் துணை எண்கள். அந்த நாலும், சான்று பெற்ற சாதனங்களுக்கான விஎம்வேரின் பொருத்தப் பட்டியலில் இருக்கவேண்டும். நிறுவும் கருவி என் டிஸ்க்குகளைத் தேடியது. கிடைக்கவில்லை. சிவப்புக் கோடு. ‘மேலே போ’ பட்டன் மங்கிப்போய் நின்றது.

எப்படிக் கிடைக்கும்? அந்த டிஸ்க்குகளே கிடையாதே! இல்லாத பொருளுக்கு எந்த லேபில் போய்ச் சான்று வாங்குவது?

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பட்டியல் வெறும் கெடுபிடிக்காகப் போட்டதும் இல்லை. விசான் வந்த 2014-லேயே, கியூ டெப்த் (ஒரே சமயத்தில் வரிசையில் ஏற்கும் வேலைகள்) 25 மட்டும் இருந்த ஒரு ரக ரெய்டு கார்டு (டிஸ்க்குகளை இயக்கும் அட்டை) பட்டியலில் இடம்பிடித்திருந்தது. ஒரு ஹோஸ்ட் விழுந்து, தரவை மறுபடி கட்ட ஆரம்பித்தபோது அந்தக் கார்டால் மூச்சுவிட முடியவில்லை. மொத்த கிளஸ்டரும், அதாவது ஹோஸ்ட் கூட்டமே, திணறியது. அப்புறம்தான் அந்த மாதிரிக் கார்டுகளைப் பட்டியலிலிருந்தே தூக்கினார்கள். ஆபீஸில் யாராவது பட்டியலை மீறலாமா என்று கேட்டால் நானே விடமாட்டேன். ஆனால் இது என் வீடு, என் கரண்ட் பில்.

பட்டியல் ஒரு ஜேசான் ஃபைல், வெறும் எழுத்துதான். கருவிக்கு அதை நாமே கொடுக்கலாம். நாமே கொடுக்கலாம் என்றால் நாமே எழுதவும் செய்யலாம் அல்லவா? ஏற்கனவே இருந்த ஒரு டிஸ்க்கின் பதிவை அப்படியே நகலெடுத்து, நாலு எண்களையும் மாற்றி என் கற்பனை டிஸ்க்கின் எண்களை வைத்தேன். ஏற்றினேன். ஃபைலே படிக்கவில்லை. முக்கால் மணி நேரம் தேடியபின் ஒரு கமா காணோம் என்று தெரிந்தது. போட்டேன். இப்போது ‘பட்டியல் 90 நாளுக்கு மேல் பழசு’ என்றது. ஃபைலின் தலையிலேயே தேதி இருக்கிறது. பால் பாக்கெட்டில் தேதியை அழித்து எழுதுகிற கடைக்காரர் மாதிரி அதையும் இன்றைக்கு மாற்றினேன்.

“என்னடா, விடிகாலையிலேர்ந்து எண்ணை எண்ணைப் பார்த்து எழுதிக்கிட்டு இருக்க?” அம்மா காபியோடு வந்து நின்றாள்.

விளக்கினேன். டிஸ்க் நிஜத்தில் கிடையாது, ஆனால் அதற்கு நாலு எண் உண்டு, அது லிஸ்டில் இல்லை, நானே எழுதிச் சேர்த்துவிட்டேன் என்று.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “பொறக்காத புள்ளைக்கு ஜாதகம் எழுதுற.”

“லேபுக்குத்தானேம்மா.”

“ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்பாங்க. நீ இப்ப எத்தனாவது பொய்ல இருக்க?”

மூன்றாவது. அதில் பச்சை டிக் விழுந்துவிட்டது. ராத்திரிக்குள் விசிஎஃப் நின்றது. அதே ஃபைலை, ஹோஸ்ட்டுகளை எல்லாம் மேய்க்கிற விசென்டரிலும் ஏற்றினேன். அங்கேயும் பொருத்தம் பச்சை. ஒவ்வொரு தரவும் இரண்டு ஹோஸ்ட்டில் இருக்கும், எந்த ஹோஸ்ட் விழுந்தாலும் கவலையில்லை என்று திரை பெருமையாகச் சொன்னது. நாலு ஹோஸ்ட்டும் ஒரே டிஸ்க்கின் மேல் உட்கார்ந்திருப்பது எனக்கும் அந்த டிஸ்க்குக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

பத்து நாள் நன்றாக ஓடியது.

பதினோராம் நாள் மாமா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். (அந்த ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம், மீதி இரண்டுக்குப் பரிகாரமாம்.) நான் குளித்துக்கொண்டிருந்தேன். உள் ரூமிலிருந்து நீளமாக ஒரு பீப், பிறகு சர்வர் ஃபேன் மெல்ல அடங்குகிற சத்தம். அந்தச் சத்தத்தை வாழ்க்கையில் எந்த அட்மினும் சோப்பு நுரையோடு கேட்கக்கூடாது.

துண்டோடு ஓடிப்போய்ப் பார்த்தால், 600 விஏ மட்டுமே தாங்கும் யூபிஎஸ்ஸில் அயர்ன் பாக்ஸ். 1000 வாட். பக்கத்தில் பாதி மடிப்பு எடுத்த பட்டுப்புடவை.

“அது ஸ்டெபிலைசர் இல்லையாடா? புடவை கருகிடக் கூடாதேன்னுதான் அதுல சொருகினேன்.”

சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டிகளில் குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடும். சான்று பெற்ற டிஸ்க் என்றால் இதுவும் அதில் சேர்த்தி. என்னுடையது ரிச்சி ஸ்ட்ரீட் மலிவு. எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டது, நாலு ஹோஸ்ட்டுக்கும் சேர்த்து.

நிச்சயதார்த்தச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று முறை ரீபூட் பண்ணி, நடுராத்திரிக்கு விசென்டர் எழுந்தது. ஹெல்த் பக்கத்தைத் திறந்தேன். தரவு: சிவப்பு. ஆப்ஜெக்டுகள்: சிவப்பு. கிளஸ்டர்: சிவப்பு.

ஹார்டுவேர் பொருத்தம்: பச்சை.