மல்லாந்து நீந்தும் ரியூகின்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும் சிமெண்ட் குளம் ஒன்று உண்டு. அதிலுள்ள தங்கமீன்களில், ரியூகின் என்ற குட்டை உடம்பு இனத்து மீன் ஒன்றுக்கு மட்டும், மிதக்க உதவும் காற்றுப்பையில் கோளாறு. தீனி தின்ற கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடும். துடுப்பை அடித்து அடித்து நிமிரப் பார்க்கும், ஓய்ந்ததும் மறுபடி வயிறு மேலே வந்துவிடும். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நஞ்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம். மற்ற மீன்களுக்கும் ஒன்றுமில்லை.

மீன் கடைகளில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் நீல மருந்து என்றார், இன்னொருவர் ஆன்டிபயாடிக் என்றார். கடைசியில், மீனும் பார்க்கிற கால்நடை டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஈரத் துணியில் கிடத்தி ஒரு நொடியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டார். தங்கமீனின் காற்றுப்பைக்கு முன், பின் என இரண்டு அறைகள். படத்தில் காற்று இருக்குமிடம் கறுப்பாகத் தெரியும். எங்கள் மீனுக்குப் பின்னறை உப்பிப்போய்க் குடலை ஒரு ஓரமாகத் தள்ளியிருந்தது. அழகுக்காக உடம்பைக் குறுக்கிக் குறுக்கி உருவாக்கிய இனம் இது, உள்ளே உறுப்புகளுக்கே இடமில்லை. ஊசியால் காற்றை இழுத்தாலும் பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடுமாம். "குணமாகாதுங்க. ஆனா வச்சுக் காப்பாத்தலாம்" என்றார். மருந்துச் சீட்டு எழுதவே இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

முதலில் தீனியை மாற்றினோம். மிதக்கும் உருண்டைகளைத் தின்ன மேலே வரும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும் என்பதால், மூழ்கும் தீனியை ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறோம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைச் சிலர் சர்வரோக நிவாரணி மாதிரி சொல்வார்கள். மலச்சிக்கல் இருந்தபோது அது உதவியது, மிதப்பதை நிறுத்தவில்லை.

உண்மையான தொல்லை வயிற்றுத் தோல்தான். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் காய்ந்து, சிவந்து, செதில் உதிர்ந்து புண்ணாகிறது. அப்போது தனித் தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு கலந்து வைப்போம். குளத்திலேயே உப்பைக் கொட்டினால் அல்லிச்செடி வாடிவிடும்.

அந்தத் தொட்டியில் ஒன்றரைச் சாண் தண்ணீர் போதும், மீன் அதிகம் போராட வேண்டியதில்லை. ஆனால் சென்னை மே மாத வெயிலில் அவ்வளவு குறைந்த தண்ணீர் மதியத்துக்குள் சூடேறிவிடும், சூடேறினால் ஆக்சிஜனும் குறையும். அதனால் மேலே பச்சை நிழல்வலை, பகலும் இரவும் காற்று மோட்டார், கரண்ட் போனால் ஓட பேட்டரியில் இயங்கும் சின்ன மோட்டார் ஒன்று. வலை இருப்பதால் காக்கைகளும் கிட்டே வருவதில்லை. அதற்கு முன், வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிற மீனைச் செத்தது என்று நினைத்து மதில்மேல் வரிசையாக வந்து உட்காரும்.

தண்ணீர் மாற்றும் வேலையும் கூடிவிட்டது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முன்பே அண்டாவில் பிடித்து, குளோரின் போகட்டும் என்று திறந்து வைக்கிறோம். விருந்தாளிகள் யாராவது வந்தால் அந்த அண்டாவில் கை கழுவப் போவார்கள், ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்.

தீனி எடுப்பதை நிறுத்தி, புண்ணும் ஆறாமல் போனால் கிராம்பு எண்ணெய் கொண்டு வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு அந்தப் பேச்சுக்கு அவசியமில்லை. கிண்ணச் சத்தம் கேட்டதும் மல்லாந்தபடியே வந்து என் விரலைக் கவ்வப் பார்க்கிறது.